ருக்குமணி சொல்லிக் குடுத்த கையெழுத்து

“பேரெழுதத்தானேடி சொல்லிக் குடுத்தேன்! கண்டவன் நீட்டுற காயிதத்துல எல்லாம் எழுதச் சொன்னேனா?”

ருக்குமணி சுத்தியலோட நின்னு கத்துறா. ஆயர் ஈத்தாம் பக்கம், கப்பலேறி வந்த நம்ம சனங்க கல்லுடைக்கிற குவாரி ஒண்ணு. மத்தியான வெயிலு. எம் புருஷன் செத்துப் பதினாறாம் நாளு காரியம்கூட ஆவல, நான் இடுப்புல புள்ளையோட குவாரிக்கே போயி அவகிட்டச் சண்ட போட்டுக்கிட்டு நிக்கிறேன். நானும் விடல.

“படிக்கச் சொல்லிக் குடுத்தியா நீ? பேர மட்டும் சொல்லிக் குடுத்துட்டு பெரிய வாத்திச்சின்னு திரிஞ்ச. ஒங்கிட்டப் படிச்ச மூணு பேரும் சேந்து எம் புருஷன் குடிகாரன்னு எழுதிக் குடுத்திருக்காளுங்க. வர்ற வெள்ளிக்கிழம என்னையும் எம் புள்ளையையும் கப்பலேத்தப் போறானுங்க. போதுமா ஒம் படிப்பு?”

சுத்தியலக் கீழ போட்டுட்டு கல்லுமேலயே உக்காந்துட்டா.

அவளப் பத்திச் சொல்லச் சொன்னா, தங்கமானவ, தெய்வம் அப்பிடியெல்லாம் எங்கிட்ட எதிர்பாக்காதீங்க. திமிரு புடிச்சவ. வெத்தல கேட்டா பாதிதான் கிள்ளிக் குடுப்பா. யாராச்சும் தப்பாப் பேசுனா, அது அவளுக்குச் சம்பந்தமில்லாத விஷயமா இருந்தாலும், எழுந்து போயி திருத்திட்டுத்தான் வருவா. அவ அப்பன் டவுன் ஆஸ்பத்திரியில தர தொடைக்கிற ஆளு. பாதிரியம்மா ஒருத்தி நடத்துன பள்ளிக்கூடத்துல மூணு வருஷம் படிச்சா. கட்டிக்கிட்டவன் ஈப்போவுக்கு ஈயம் தோண்டுற கம்பத்துக்கு வேலைக்குன்னு போனான், திரும்பி வரல. அவளும் தேடல. “போன ஆளுக்கு வழி தெரியாமலா போச்சு”ன்னு விட்டுட்டா.

அதுக்கப்பறம் டவுன்ல சூலியா தெருவுல சீனி முகம்மதுன்னு ஒருத்தரோட அச்சாபீஸ்ல காயிதம் மடிக்கிற வேல. ஏழெட்டு வருஷம் மடிச்சிருக்கா. மடிக்கிறவ மடிச்சுட்டுப் போவ வேண்டியதுதான? அவ படிச்சுட்டுத்தான் மடிப்பாளாம். சீனி முகம்மது அண்ணனே என்கிட்டச் சொன்னாரு, “நல்ல வேலக்காரிதான்மா, ஆனா நூறு மடிக்கிற நேரத்துல அம்பதுதான் மடிப்பா, மிச்ச நேரத்துக்கு உலகத்துக்காகக் கோவப்படுவா”ன்னு. ரப்பர் வெல வுழுந்து ஊரே படுத்த வருஷம் அச்சாபீஸ்லயும் ஆளக் கொறச்சாங்க. அப்பதான் எங்க குவாரிக்குக் கல்லுடைக்க வந்தா. சுத்தியலு புடிக்கத் தெரியாது. மொத நாளே கட்டவெரல நசுக்கிக்கிட்டா. ஆனா வரும்போதே அச்சாபீஸ்ல கழிச்சுப் போட்ட காயிதக் கட்டு ஒண்ணத் தலையில வச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டா.

மத்தியானம் சோத்துக்கு மணியடிச்சா அவ அந்தக் காயிதத்த எடுத்துப் படிப்பா, நாங்க கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கேப்போம். எங்கயோ ஒரு ஊர்ல துணி மில்லு பொம்பளைங்க வேலைக்குப் போவ மாட்டோம்னு ரோட்டுல உக்காந்துட்டாளுங்களாம். சீமையில பொம்பளைங்களுக்கும் ஓட்டுக் குடுத்துட்டானாம். ஆப்பிரிக்காவுல கறுப்பு ஆளுங்க பாஸ் காயிதம் இல்லாம ரோட்டுல நடந்தா புடிச்சு உள்ள போடுறானாம். அதப் படிக்கிறப்ப அவளுக்கு மூக்கு வெடவெடங்கும்.

மீனாட்சின்னு ஒருத்தி, எங்கள்ல சின்னவ, வாய்க்காரி. அவ கேப்பா, “ஏக்கா, அந்த ஊர்லயெல்லாம் கல்லு இருக்குதா?”

“இருக்குடி. ஒந்தல மாதிரியே இருக்குதாம்.”

“அப்ப அவளுங்களும் ஒடைக்கட்டும் லா, நமக்கென்ன?”

எல்லாரும் சிரிப்போம். அவ சிரிக்க மாட்டா. “அங்க அவன் பாஸ் காயிதம் கேக்குறான், இங்க இவன் கைநாட்டு கேக்குறான். எந்தக் காயிதத்துக்கு நீ கைநாட்டு வச்சேன்னு சொல்லு பாப்போம்”னு கேட்டா.

ஒருத்திக்கும் தெரியாது. எங்க மண்டோரு நல்லமுத்து, அதான் எங்களுக்கு மேலாளு, ஒரு தகர டப்பாவுல ஊதா மையோட வருவான். வெரலப் புடிப்பான், அமுக்குவான், போய்க்கிட்டே இருப்பான். எங்க பெருவெரலு எப்பவும் ஊதாவாத்தான் இருக்கும். சம்பளத்துக்கா, குவாரியில குடியிருக்கக் குடுத்த லயத்து வீட்டுக்கா, லீவுக்கா, எதுக்குன்னு நாங்க கேட்டதும் இல்ல, அவன் சொன்னதும் இல்ல. அவனுக்கும் படிக்கத் தெரியாதுங்கிறது வேற விஷயம். ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி எழுதிக் குடுப்பான், இவன் அமுக்கிட்டு வருவான்.

“பேரெழுதுனா நம்மள மனுஷின்னு கொஞ்சமாச்சும் நெனப்பான்டி”ன்னா ருக்குமணி. அதுலேருந்துதான் ஆரம்பிச்சுது. கல்லுத்தூள நடுவுல கொட்டிப் பரப்பிடுவா. ஒரு குச்சி. சுத்தி நாங்க பத்துப் பன்னெண்டு பேரு. அவ பேர எழுதுவா, பேருக்குச் சொந்தக்காரி பாத்து எழுதணும். அ, ஆவன்னாவெல்லாம் இல்ல. நேரா பேருதான். ஒரு கஞ்சிப் பொழுதுக்குள்ள அதுக்குமேல என்னத்தச் சொல்லிக் குடுக்குறது? நான் கத்துக்கல. எம் புள்ளைக்கு அப்பதான் பாலு குடுக்குற நேரம். மீனாட்சி நாலே நாள்ல கத்துக்கிட்டா. கரித்துண்டு கெடச்சா போதும், அவ வீட்டுக்குள்ள செவுரு, தண்ணித் தொட்டி, சோத்துச் சட்டி, எல்லாத்துலயும் அவ பேருதான். அவ புருஷன் முதுகுல மட்டும் எழுதல.

அப்பிடியிருக்கப்பதான் எம் புருஷன் செத்தான். பேரு ராமசாமி. அப்பல்லாம் புருஷன் பேரச் சொல்ல மாட்டோம். இப்பச் சொன்னா என்ன, எழுந்து வந்து ஏன்டி சொன்னேன்னு கேக்கவா போறான். பாறைக்கு வெடி மருந்து வைக்கிறதுன்னா செவப்புக் கொடி தூக்கணும், மூணு தடவ விசிலு ஊதணும், எல்லாரும் வெலகுனப்பறம்தான் திரியில நெருப்பு. அன்னிக்கு லாரி வந்து நிக்கிதுன்னு நல்லமுத்துக்கு அவசரம். கொடியும் இல்ல, விசிலும் இல்ல. கீழ தண்ணி குடிச்சுக்கிட்டிருந்த மனுஷன் மேல பாதிப் பாறை வந்து வுழுந்துது. கல்லு சொமக்குற கூடைக்காரிங்க மூணு பேரு கண்ணால பாத்தாங்க. அதுல மீனாட்சி ஒருத்தி.

நாலு நாள் கழிச்சு, ருக்குமணி டவுனுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து, நல்லமுத்து ஒரு காயிதத்தோட அந்த மூணு பேருகிட்ட வந்திருக்கான். “செத்தவன் பொண்டாட்டிக்கு மூணு மாசம் அரிசி குடுக்கச் சொல்லி எழுதியிருக்கு. நீங்கதான் படிச்ச பொம்பளைங்களாச்சே, கைநாட்டு எதுக்கு? அழகாப் பேரெழுதிக் குடுங்க.” பாவிங்க, எனக்கு அரிசி வரட்டும்னு எழுதிக் குடுத்துட்டாளுங்க. மையில்லாம, பென்சில்ல, நாக்கக் கடிச்சுக்கிட்டு, பெருமையா.

அந்தக் காயிதத்தக் கிராணி எனக்குப் படிச்சுக் காட்டுனான். ராமசாமி கள்ளு குடிச்சிருந்தான். கொடி பறந்துது. விசிலு ஊதுனாங்க. தடுத்தும் கேக்காம உள்ள போனான். சாட்சி இவங்க. எம் புருஷன் குடிக்க மாட்டான்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழம குடிப்பான். செத்தது செவ்வாக்கிழம.

குவாரிய எடுத்திருந்த குத்தகக்காரன் அதோட விடல. குடிச்சுச் செத்தவன் பொண்டாட்டிக்கு லயத்துல எடமில்ல, கப்பல் லிஸ்டுல எழுதியாச்சுன்னுட்டான். அந்த வருஷம் வேல இல்லாத சனங்கள நாகப்பட்டணத்துக்குக் கப்பல் கப்பலா ஏத்திக்கிட்டிருந்தாங்க. நான் இங்கயே, பைராம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. நாகப்பட்டணம் எந்தத் தெசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. அங்க எறங்கி ஏழு மாசக் கைப்புள்ளையோட யார் வீட்டுக் கதவத் தட்டுவேன்? அந்த வயித்தெரிச்சல்லதான் குவாரிக்குப் போயிக் கத்துனேன்.

கல்லுமேல உக்காந்திருந்தவ திடீர்னு எழுந்தா. அப்பிடியே நடந்தா. டிராமுக்குக் காசில்ல, ஆயர் ஈத்தாம்லேருந்து டவுனு வரைக்கும் அந்த வெயில்ல நடந்தே போயி லேபர் ஆபீஸ் வாசல்ல நின்னிருக்கா. பியூனு மூணு தடவ வெரட்டியிருக்கான். நாலாவது தடவ உள்ள விட்டுட்டான், தொல்ல தாங்காம. அங்க ஆபீசரா இருந்த தொரை வியாழக்கிழம வரச் சொன்னாராம். சாட்சிங்கள நானே கூப்புட்டுக் கேக்குறேன்னாராம். ஒண்ணு மட்டும் சொன்னாராம், “கைநாட்டாக இருந்தால் சந்தேகப்படலாம். பெயரெழுதத் தெரிந்தவர் வாசிக்காமல் எழுதுவாரா?”ன்னு.

அதக் கேட்டுட்டு வந்து அவ சோறு திங்கல.

புதன்கிழம சாயங்காலம் மீனாட்சி வீட்டுக்குப் போனோம். “நாளைக்கு வந்து உண்மையச் சொல்லுடி, படிக்கத் தெரியாதுன்னு சொல்லு”ன்னா ருக்குமணி.

மீனாட்சி செவுரப் பாத்துக்கிட்டே பேசுறா. “எம் புருஷன் நல்லமுத்து அண்ணன்கிட்டதான்க்கா வேல பாக்குறாரு. அவங்க ரெண்டு பேரு முன்னாடியும், காயிதத்தப் படிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப இல்லேன்னா, எம் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?”

“எங்கயாச்சும் வச்சுக்க. நான் எம் புள்ளைய எங்க வச்சுக்குவேன்?”னு கேட்டேன்.

கதவச் சாத்திட்டா. ருக்குமணி திரும்பிக்கூடப் பாக்காம எறங்கி நடந்துட்டா. சாத்துன கதவுலயும் கரியில மீனாட்சி பேரு.

வியாழக்கிழம விடியக் காலம்பற நாங்க ரெண்டு பேரும் புள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்தோம். மத்த ரெண்டு சாட்சிக்காரிங்களும் காச்சல்னு சொல்லிப் படுத்துட்டாளுங்க. பாதி வழியில டிராமு எங்களத் தாண்டிப் போச்சு. ஜன்னல்ல நல்லமுத்து. பக்கத்துல மீனாட்சி, கல்யாணச் சேலையில. அவன் சாட்சியா அவளக் கூட்டிக்கிட்டுப் போறான். ருக்குமணி அந்த டிராமு மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா. “வா, நட”ன்னு நான்தான் தள்ளுனேன்.

ஆபீஸ்ல தொரை மேசைக்கு அந்தப் பக்கம். வெள்ளக்காரரு, ஆனா தமிழ் பேசுவாரு, புஸ்தகத்துல இருக்கிற மாதிரி. மீனாட்சிய மேசைக்கு எதிர்ல நாற்காலியில உக்கார வச்சாங்க. நாற்காலி நுனியில உக்காந்தா. நல்லமுத்து செவுத்தோரம். நாங்க கதவுகிட்ட.

“அம்மா, இது உம்முடைய கையொப்பமா?”

“ஆமாங்க தொரை.”

“வாசித்த பிறகுதான் ஒப்பமிட்டீரா?”

அவ நல்லமுத்துவப் பாத்தா. அவன் மீசையத் தடவுனான்.

“ஆமாங்க.”



“தொரை, அவளுக்குப் படிக்கத் தெரியாது!” ருக்குமணி குரலு அந்த ஆபீஸ் கூரையில போயி முட்டுது.

நல்லமுத்து சிரிச்சான். “இவதான் தொரை இவங்களுக்கெல்லாம் படிப்பு சொல்லிக் குடுக்குறவ. நாலு மாசமா குவாரி பூரா தமுக்கடிச்சா. இப்பத் தெரியாதுங்குறா. ஏம்மா, நீ சொல்லிக் குடுத்தது படிப்பா, பம்மாத்தா?”

பியூனு வாயப் பொத்திக்கிட்டான். தொரை கையத் தூக்குனாரு, எல்லாம் அடங்குச்சு. ஒரு வெள்ளக் காயிதத்தையும் பென்சிலையும் மீனாட்சி முன்னாடி வச்சாரு. “உம்முடைய பெயரை எழுதும்.”

அவ எழுதுனா. மேசைக்கு அந்தப் பக்கத்துலேருந்தே தொரை எட்டிப் பாத்துப் படிச்சாரு. “மீனாட்சி. நன்றாகவே எழுதுகிறாள்.”

அவ்வளவுதான்னு நெனச்சேன். புள்ளைய மாத்தி இந்தத் தோள்ல போட்டுக்கிட்டேன். கப்பல்ல புள்ளைக்கு எங்க துணி காயப் போடுறதுன்னு, நெசமாவே அத நெனச்சேன்.

ருக்குமணி மீனாட்சி முதுகுக்குப் பின்னாடி போயி நின்னா. அந்தக் காயிதத்தப் பாத்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

“தொரை, நீங்க இந்தப் பக்கம் வந்து பாக்கணும்.”

“ஏய், தொரைய எழுந்து வரச் சொல்றியா?”ன்னு பியூனு பாஞ்சான்.

“அங்கேருந்து பாத்தா தெரியாது தொரை. நாலு மாசமா எனக்கே தெரியல.”

தொரை எழுந்தாரு. மேசையச் சுத்தி வந்து, மீனாட்சி தோளுக்கு மேல குனிஞ்சு பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்பறம்தான் எங்களுக்குச் சொன்னாரு. அவ உக்காந்திருக்கிற பக்கத்துலேருந்து பாத்தா அந்தப் பேரு தலகீழா இருக்குது. எழுத்தெல்லாம் காலு மேல, தல கீழ. வலது ஓரத்துல ஆரம்பிச்சு இடது பக்கமா எழுதியிருக்கா.

“எம் தப்புதான்”னா ருக்குமணி. அவ அப்பிடிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. “மண்ண நடுவுல கொட்டி எம் பக்கமா எழுதுனேன் தொரை. எம் பக்கத்துல உக்காந்தவளுங்க நேராக் கத்துக்கிட்டாளுங்க. இவ எதிர்ல உக்காருவா. அங்கேருந்து எப்பிடித் தெரிஞ்சுதோ அப்பிடியே புடிச்சுக்கிட்டா. இவ எழுதுறது எதிர்ல இருக்கிற எனக்கு நேராத்தான் தெரியும், சரின்னு தலையாட்டிட்டேன். எழுத்துன்னு தெரிஞ்சு எழுதல இவ. கோலம் போடுற மாதிரி போடுறா. நான் படிப்புச் சொல்லிக் குடுக்கல. ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல.”

தொரை அந்தச் சாட்சிக் காயிதத்த எடுத்தாரு. கிராணி எழுதுனது நேரா இருக்கு, அடியில மீனாட்சி பேரு மட்டும் தலகீழா. “மேசைக்கு எதிர்ப்புறமிருந்து ஒப்பமிட்டாள் என்று எண்ணினேன்”ன்னாரு. அதை அவ கையில குடுத்தாரு. “முதல் வரியை வாசியும்.”

மீனாட்சி காயிதத்தப் புடிச்சுக்கிட்டு இருக்கா. நல்லமுத்து தொண்டையக் கனைக்கிறான். ஒரு தடவ. ரெண்டு தடவ. எம் புள்ள அழ ஆரம்பிச்சுது, நான் வாயப் பொத்துறேன். மீனாட்சி அந்தக் காயிதத்தத் திருப்பித் திருப்பிப் பாக்குறா. ஒரு வார்த்த பொய் சொல்ல நெனச்சாலும் என்ன சொல்றதுன்னு அவளுக்குத் தெரியாதே.

“தெரியாதுங்க”ன்னா கடைசியில. அப்பிடியே ஒடஞ்சுட்டா. “அரிசிக்குன்னு சொன்னாரு தொரை. அக்காவுக்கு அரிசி வரும்னு சொன்னாரு. அதான் எழுதுனேன்.” ருக்குமணி பக்கம் திரும்பி ஒரே கத்து: “நாலு மாசமா தலகீழா எழுத வச்சிருக்கியே, நீ வெளங்குவியா? என் வீட்டுச் செவுரு பூரா தலகீழாவா இருக்கு?”

“ஆமான்டி. நான் செவுத்தப் பாக்க வந்தேனா?”ன்னா ருக்குமணி. அவ கண்ணுலயும் தண்ணி.

“விசில் ஊதினார்களா?” தொரை கேட்டாரு.

மீனாட்சி இந்தத் தடவ நல்லமுத்துவப் பாக்கல. “ஊதல. கொடியும் இல்ல. அவரு தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாரு. தண்ணிதான் தொரை. நான்தான் மொண்டு குடுத்தேன்.”

அது எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

தொரை லிஸ்ட வரவழைச்சு எம் பேர அடிச்சாரு. கேஸு முடியிற வரைக்கும் இந்தப் பொம்பளைய யாரும் ஏத்தக் கூடாது, குத்தகக்காரன் வந்து பதில் சொல்லணும்னாரு. கேஸு எட்டு மாசம் இழுத்துது. நான் இங்கதான் இருந்தேன். இங்கதான் இருக்கேன். எம் மக இங்க பாசார்ல கட வச்சா.

ஆனா எல்லாம் அன்னிக்கே நல்லா முடிஞ்சுதுன்னு நெனச்சுக்காதீங்க. மீனாட்சி புருஷன வேலைய விட்டு நிப்பாட்டிட்டானுங்க. அவன் அவள அடிச்சான். அவ ரெண்டு மாசம் எங்க ரெண்டு பேரு மூஞ்சியிலயும் முழிக்கல. செவுத்துல இருந்த பேரையெல்லாம் சாணி போட்டு மெழுகுனா. ருக்குமணிய மறுநாளு, அதான் என்னக் கப்பலேத்த இருந்த அந்த வெள்ளிக்கிழம, காலையிலயே சீட்டக் கிழிச்சு வெளிய அனுப்பிட்டானுங்க. அதுவரைக்கும் ஒடச்ச கல்லுக்கு உண்டான கூலிய, ஒரு வெள்ளி எம்பது காசு, கையில எண்ணிக் குடுத்தாங்க.

வேல போனவ வீட்டுக்கு வந்து அழுவா, இல்ல அரிசி வாங்கி வைப்பா. இவ மத்தியானம் தலையில ஒரு பெரிய பலகையோட வர்றா. ஆயர் ஈத்தாம் பாசார் பக்கத்துல ஒரு சீனத் தச்சன்கிட்ட பழைய கதவு ஒண்ணு கெடந்திருக்கு. அத இழைச்சு, கறுப்புச் சாயம் பூசி வாங்கியிருக்கா. சாயம் காயல, தலமுடியெல்லாம் கறுப்பு ஒட்டிக்கிட்டிருக்கு. லயத்துக்கு வெளிய ரம்புத்தான் மரத்துல சாய்ச்சு வச்சா.

“கிறுக்கச்சி, இன்னிக்கு ராத்திரி என்னத்தத் திங்கப் போற?”ன்னு கேட்டேன்.

“ஞாயித்துக்கிழம எல்லாரையும் வரச் சொல்லு. எல்லாரும் ஒரே பக்கமா உக்காரணும். பேரு கெடையாது. அ, ஆவன்னாவுலேருந்து. நீயும் வர்ற.”

“நான் வல்ல. என்ன வெல குடுத்த இதுக்கு?”

மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. மறுபடி கேட்டேன். சீனன் ரெண்டு வெள்ளி கேட்டானாம், இவ ஒரு மணி நேரம் நின்னு வாயடிச்சிருக்கா.

ஒரு வெள்ளி எம்பது காசு.